தண்ணீருக்கு ஒரு மரக்கால்: பேராசிரியர் பார்ஷலின் கதை

மேட்டூரில் இத்தனை ஆயிரம் கனஅடி திறப்பு என்று வானொலியில் செய்தி வருகிறது. கேட்கிற உழவர் எல்லாரும் தலையை ஆட்டிக் கொள்கிறோம். ஆனால், தன் வயல் மடையில் எத்தனை கனஅடி நுழைகிறது என்று கேட்டால் பதில் சொல்லக் கூடியவர் பத்துப் பேரில் ஒருவர் இருப்பாரா? நெல்லை மரக்காலால் அளக்கிறோம், பாலை லிட்டரால் அளக்கிறோம், நிலத்தைச் சென்ட் கணக்கில் அளக்கிறோம். தண்ணீரை மட்டும் "நல்லா வருது", "சுமாரா வருது" என்று கண்ணளவில் முடித்துக் கொள்கிறோம். தலைமடைக்கும் கடைமடைக்கும் தகராறு வருவது பெரும்பாலும் இந்தக் கண்ணளவில்தான்.

ஓடுகிற தண்ணீரை, வாய்க்காலிலேயே வைத்து, ஓர் அளவுகோலை மட்டும் கொண்டு அளக்க வழி கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் லீராய் பார்ஷல். கட்டடப் பொறியியல் படித்தவர், கல்லூரியில் பாடம் நடத்தியவர், பின்னர் வாழ்நாள் முழுவதும் வாய்க்கால் கரையில் வேலை பார்த்தவர். அவர் பெயரிலேயே அழைக்கப்படும் 'பார்ஷல் ஃப்ளூம்' இன்று பாசன வாய்க்கால்களில் மட்டுமல்ல, நகரங்களின் கழிவுநீர் நிலையங்களிலும் ஆலைகளின் கழிவுநீர் வெளியேறும் இடங்களிலும் உலகம் முழுக்க இருக்கிறது. இந்தியத் தரநிர்ணய அமைப்பும் இதற்கு ஒரு தரநிலை வெளியிட்டிருக்கிறது.

துப்பாக்கி வரை போன தண்ணீர்ச் சண்டை

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவர் பிறந்த மண்ணில் நடந்த ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல், தண்ணீரை அளக்க ஒரு மனிதர் ஏன் இத்தனை ஆண்டுகள் செலவிட்டார் என்பது புரியாது.

கொலராடோவின் மலையடிவாரம் வறண்ட பூமி. ஆண்டு மழை 15 அங்குலம் அளவில்தான். மலையில் குளிர்காலத்தில் விழும் பனி கோடையில் உருகி ஆற்றில் வரும். அந்தத் தண்ணீர்தான் விவசாயம். 'கேஷ் லா பூடர்' என்று ஓர் ஆறு. பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் வெடிமருந்தை ஒளித்து வைத்த இடம் என்பது அந்தப் பெயரின் பொருள். இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1870-ல் கிரீலி என்ற குடியேற்றம் உருவானது. அதை நிறுவிய நேத்தன் மீக்கர் நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில் விவசாயப் பகுதியின் ஆசிரியராக இருந்தவர். குடியேறியவர்கள் கூட்டாக வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தார்கள். இரண்டே ஆண்டில், அதே ஆற்றின் மேல்பகுதியில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் வேறொரு கூட்டம் வந்து அவர்களும் வாய்க்கால் வெட்டினார்கள்.

1874-ல் வறட்சி. மேலே இருந்தவர்கள் எடுத்தது போக, கீழே கிரீலிக்கு வந்தபோது ஆற்றில் தண்ணீர் இல்லை. முதலில் வந்து வெட்டியவர் கடைமடையில் காய, பிறகு வந்தவர் தலைமடையில் பாய்ச்சினார். இரு ஊராரும் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடிப் பேசினார்கள். பேச்சு முற்றி, துப்பாக்கியை எடுப்போம் என்கிற அளவுக்குப் போனது. நல்லவேளையாக மழை பெய்தது, பயிரும் தப்பியது, மனிதரும் தப்பினார்கள்.

இதற்குப் பிறகு 1876-ல் எழுதப்பட்ட கொலராடோ அரசியல் சட்டத்தில், யார் முதலில் தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தினாரோ அவருக்கே முதல் உரிமை என்று எழுதி வைத்தார்கள். 1879-ல் சட்டம் போட்டு, ஆற்றுப் பகுதிகளுக்கு நீர் ஆணையர்களை நியமித்தார்கள். இன்ன வாய்க்காலுக்கு இத்தனை கனஅடி என்று நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது.

தீர்ப்புக் காகிதத்தில் கனஅடி இருக்கிறது. வாய்க்காலில் ஓடுவது எத்தனை கனஅடி என்று யார் சொல்வது? அளக்க முடியாத உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வார்? சண்டை மதகை விட்டு நீதிமன்றத்துக்குப் போனது, அங்கிருந்து திரும்பவும் மதகுக்கே வந்தது.

மாணவர், ஆசிரியர், பிறகு வாய்க்கால் கரை

பார்ஷல் 1881-ல் கொலராடோவின் கோல்டன் என்ற ஊரில் பிறந்தார். ஃபோர்ட் காலின்ஸில் இருந்த கொலராடோ வேளாண்மைக் கல்லூரியில் படித்து 1904-ல் பட்டம் பெற்றார். பாசனப் பொறியியலை ஒரு தனிப் பாடமாக அமெரிக்காவில் முதன்முதலில் வளர்த்த கல்லூரிகளில் அது ஒன்று. அதே கல்லூரியில் அவர் ஆசிரியராகிப் பேராசிரியராகவும் இருந்தார். 1913-ல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பாசன ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். வேலை மாறியதே தவிர ஊர் மாறவில்லை. துறையும் கல்லூரியும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி என்பதால் ஃபோர்ட் காலின்ஸிலேயே இருந்தார். பூடர் ஆற்றங்கரையில் பெல்வ்யூ என்ற இடத்தில் இருந்த நீரியல் ஆய்வுக்கூடம்தான் அவருடைய பட்டறை. தொட்டிக்குள் மாதிரி வைத்துப் பார்ப்பதோடு நிற்காமல், நிஜ வாய்க்கால் அளவுக்கே தண்ணீரை விட்டுச் சோதிக்க வசதியான இடம் அது.

அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீரை அளக்க இருந்த கருவி, கலிங்கு போன்ற ஒரு தடுப்புப் பலகை. நடுவில் வெட்டுவாய் வைத்த பலகையை வாய்க்காலின் குறுக்கே நிறுத்துவார்கள். அதன் மேல் எத்தனை உயரம் தண்ணீர் வழிகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவார்கள். கணக்கு சரியானதுதான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பலகையின் மேல்புறம் தண்ணீர் தேங்கி நிற்பதால் வண்டலும் மணலும் அங்கேயே படியும். படியப் படியத் தண்ணீர் வேகமாக வந்து விழும். அப்போது பலகை காட்டுகிற அளவை விட அதிகத் தண்ணீர் போய்விடும். யாருக்கு லாபமோ அவர் வண்டலை அள்ள மாட்டார். இன்னொன்று, பலகைக்குக் கீழே தண்ணீர் விழ நல்ல இறக்கம் வேண்டும். சமவெளி வாய்க்காலில் அந்த இறக்கத்துக்கு எங்கே போவது?

இதற்கு மாற்றாக ஒரு வழியை வி. எம். கோன் என்பவர் 1917-ல் எழுதி வெளியிட்டார். வாய்க்காலை ஓர் இடத்தில் இருபுறமும் ஒடுக்கி, பிறகு மறுபடி அகலமாக்குவது. இத்தாலிய அறிஞர் வெஞ்சுரியின் பெயரால் அது வெஞ்சுரி ஃப்ளூம் எனப்பட்டது. தடுப்பு இல்லாததால் வண்டல் நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும். நல்ல யோசனை. ஆனால் அதன் தரை மட்டமாக இருந்தது. மேலே ஓர் உயரம், ஒடுங்கிய இடத்தில் ஓர் உயரம் என்று இரண்டு இடத்தில் அளந்து, இரண்டுக்கும் உள்ள சிறிய வித்தியாசத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். அலையடிக்கும் வாய்க்காலில் அரை அங்குலம் தவறாகப் படித்தால் கணக்கே கெட்டது.

தரையை இறக்கினார்

பார்ஷல் இந்த யோசனையை எடுத்துக்கொண்டு, கார்ல் ரோவர் என்ற சக ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து பல ஆண்டுகள் தண்ணீரை விட்டு விட்டுப் பார்த்தார். சுவர்கள் ஒடுங்கும் கோணத்தை மாற்றினார், ஒடுங்கிய 'தொண்டை'யின் நீளத்தை மாற்றினார், விரியும் கோணத்தையும் மாற்றினார். எல்லாவற்றையும் விட முக்கியமானது, தொண்டையின் தரையைக் கீழ்நோக்கிச் சாய்த்தது. 1 அடி அகலத் தொண்டை என்றால் அது 2 அடி நீளம். அந்த 2 அடிக்குள் தரை 9 அங்குலம் இறங்குகிறது. தாண்டியதும் மறுபடி கொஞ்சம் ஏறுகிறது.

இதில் என்ன இருக்கிறது? தண்ணீர் ஒடுங்கும்போது வேகம் பிடிக்கிறது. கூடவே தரையும் சரிந்தால் ஒரு கட்டத்தில் ஓட்டம் மிக வேகமாகி, கீழே நடப்பது எதுவும் மேலே தெரியாமல் போய்விடுகிறது. கீழ்ப்பக்கம் யாரோ பலகை வைத்துத் தண்ணீரைத் தேக்குகிறார் என்று வையுங்கள். குறிப்பிட்ட அளவு வரை மேல்பக்க உயரம் அசையாது. அதனால் மேலே ஒரே இடத்தில் உயரத்தைப் பார்த்தால் போதும். 1 அடி முதல் 8 அடி வரை தொண்டையுள்ள ஃப்ளூமில், கீழ்ப்பக்கத் தண்ணீர் மேல்பக்க உயரத்தில் 70 சதவீதம் வரும் வரை அந்த ஒரு அளவே சரியாகச் சொல்லும். தடுப்புப் பலகைக்கு வேண்டிய இறக்கத்தில் கால்வாசி இருந்தாலே இது வேலை செய்யும். முறையாகப் பதித்தால் பிழை 3 முதல் 5 சதவீதத்துக்குள் நிற்கும்.

தேக்கிப் பார்க்க நினைப்பவருக்கு இதில் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. 70 சதவீதத்தையும் தாண்டித் தேக்கினால் மேல்பக்க உயரம் ஏறும், போகும் தண்ணீரோ குறையும். அதாவது வாங்கியதை விட அதிகம் வாங்கியதாக அவர் கணக்கிலேயே ஏறும்!

1920-களின் தொடக்கத்தில் பார்ஷல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1926-ல் அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கத்தின் ஆராய்ச்சி இதழில் விரிவாக எழுதினார். அவர் வைத்த பெயர் 'மேம்படுத்தப்பட்ட வெஞ்சுரி ஃப்ளூம்' என்பதுதான். அந்தச் சங்கத்தின் பாசனக் குழு 1929-ல் அதற்குப் பார்ஷலின் பெயரையே வைத்தது. பிறகு பெரிய வாய்க்கால்களுக்காக 10 அடி முதல் 50 அடி வரை அகலமுள்ளவற்றையும் வகுத்து 1932-ல் வெளியிட்டார்.

அதே 1932-ல் இன்னொரு வேலையும் செய்தார். பாசன வாய்க்காலில் தண்ணீரை அளப்பது எப்படி என்று உழவர்களுக்கான ஒரு சிறு வெளியீட்டை வேளாண்மைத் துறை மூலம் எழுதினார். பொறியாளர்களுக்கு ஒன்று, உழவர்களுக்கு ஒன்று என்று இரண்டு விதமாகவும் எழுதத் தெரிந்த ஆராய்ச்சியாளர்கள் எப்போதுமே குறைவு. சூத்திரத்தைப் போட வேண்டியதில்லை, உயரத்தைப் பார்த்துப் பட்டியலில் எதிரே உள்ள எண்ணைப் படித்தால் போதும் என்கிற அளவுக்கு அவர் பட்டியல்களைத் தயாரித்துக் கொடுத்தார். மரத்திலோ, காங்கிரீட்டிலோ, தகரத்திலோ செய்துகொள்ள அளவுகளோடு படமும் கொடுத்தார். நம்மூர் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி போல அங்கே வாய்க்காலைக் கவனிக்கும் ஆள் குதிரையில் சுற்றி வருவார். 'வாய்க்கால் சவாரிக்காரர்' என்றே அவருக்குப் பெயர். அவர் குதிரையிலிருந்து இறங்கி அளவுகோலைப் படிப்பதை உழவரும் பக்கத்தில் நின்று படிக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே எண். சண்டைக்கு அங்கே இடம் குறைகிறது.

பம்புசெட் தண்ணீரையும் அளக்கலாம்

பெரிய வாய்க்காலுக்கு மட்டும்தானா இது என்று தோன்றலாம். இல்லை. 3 அங்குலத் தொண்டையுள்ள சிறிய ஃப்ளூமும் உண்டு. மொத்த நீளமே 3 அடிதான். மேல்பக்கம் சுமார் 10 அங்குல அகலத்தில் தொடங்கி, ஒன்றரை அடிக்குள் 3 அங்குலமாக ஒடுங்கி, அரை அடி நீளத் தொண்டையைத் தாண்டி, 1 அடிக்குள் 7 அங்குலமாக விரிகிறது. கிணற்று மோட்டார் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு இதுவே போதும்.

இந்தச் சிறிய ஃப்ளூமில் தண்ணீரின் உயரம் 6 அங்குலம் இருந்தால் விநாடிக்குச் சுமார் 9.6 லிட்டர் போகிறது. ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரம் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். கணக்குப் போட்டால் 6 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சரி, கோடையில் தண்ணீர் குறைந்து உயரம் 3 அங்குலமாகி விட்டது. பாதி உயரம்தானே, 12 மணி நேரத்தில் பாய்ந்துவிடும் என்று நினைப்போம். அங்கேதான் கண்ணளவு ஏமாற்றுகிறது. 3 அங்குலத்தில் விநாடிக்கு 3.3 லிட்டர்தான் போகும். அதே ஏக்கருக்கு 17 மணி நேரம் ஆகும். உயரம் பாதியானால் தண்ணீர் மூன்றில் ஒரு பங்காகிறது.

முறை வைத்து மணிக்கணக்கில் தண்ணீர் பங்கிடும் ஊர்களில் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். வாய்க்கால் நிறைய ஓடும்போது 4 மணி நேரம் வாங்கியவரும், தாழ ஓடும்போது 4 மணி நேரம் வாங்கியவரும் ஒரே பங்கு வாங்கியவர்கள் அல்லர். கடைமடைக்காரர் "எனக்குத் தண்ணீர் எட்டவில்லை" என்று சொல்லும்போது அதை வீண் புலம்பல் என்று ஒதுக்குவது சுலபம். அவர் பக்கம் ஓர் எண் இருந்தால் அப்படி ஒதுக்க முடியாது.

கனஅடிக் கணக்கும் சொல்லி விடலாம். விநாடிக்கு 1 கனஅடி என்றால் 28.3 லிட்டர். அது ஒரு மணி நேரம் ஓடினால் 1 ஏக்கரில் கிட்டத்தட்ட 1 அங்குலம் நிற்கும். ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 24½ லட்சம் லிட்டர்.

செய்து வைக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஃப்ளூம் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ரசமட்டம் வைத்துப் பதிக்கப்பட வேண்டும். சாய்ந்த ஃப்ளூம் சாய்ந்த தராசு போலத்தான். மேல்பக்கம் வாய்க்கால் கொஞ்ச தூரமாவது நேராக வர வேண்டும், வளைவில் வைக்கக் கூடாது. வாய்க்கால் தரையை விடச் சற்று உயர்த்தி வைத்தால்தான் கீழ்ப்பக்கம் தண்ணீர் தேங்காமல் வடியும். 3 அங்குல ஃப்ளூமுக்குக் கீழ்ப்பக்க உயரம் மேல்பக்கத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அடியிலோ பக்கத்திலோ தண்ணீர் அரித்துக்கொண்டு போகாமல் மண்ணை நன்றாகக் கெட்டிக்க வேண்டும். உயரத்தைத் தொண்டையில் அளக்கக் கூடாது. தொண்டையின் வாயிலிருந்து மேல்நோக்கி, ஒடுங்கும் சுவரின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி அளக்க வேண்டும். 3 அங்குல ஃப்ளூமில் அது சுமார் 1 அடி. சுவரில் சிறு துளை போட்டு, பக்கத்தில் ஒரு குழாயை நிறுத்தி அதில் பார்த்தால் அலையில்லாமல் சரியாகத் தெரியும்.

இதன் குறையையும் மறைக்கத் தேவையில்லை. ஒரு ஃப்ளூமின் அளவுகளை இரட்டிப்பாக்கினால் அடுத்த ஃப்ளூம் கிடைத்துவிடாது. ஒவ்வோர் அகலத்துக்கும் பார்ஷல் தனித்தனியாகச் சோதித்து அளவும் பட்டியலும் கொடுத்தார். உத்தேசமாகச் செய்தால் பட்டியல் பொருந்தாது. தரை ஏற்ற இறக்கத்தைத் துல்லியமாகக் கட்டுவதும் கொத்தனாருக்குச் சிரமம். இதனால்தான் 1967-ல் ஸ்கோகர்போவும் அவருடன் பணியாற்றியவர்களும் தட்டையான தரையுள்ள, தொண்டை நீளமே இல்லாத எளிய ஃப்ளூமைக் கொண்டு வந்தார்கள். இன்று புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அதைவிடச் சுலபமான வகைகளும் உண்டு. ஆனாலும் ஏற்கெனவே கட்டியவையும், தரநிலைகளில் எழுதப்பட்டவையும் பார்ஷல் பெயரிலேயே நிற்கின்றன.

மணலும் பனியும்

பார்ஷல் ஃப்ளூமோடு நின்றுவிடவில்லை. வாய்க்காலில் வரும் மணலைப் பிரித்து ஆற்றுக்கே திருப்பி அனுப்பும் மணல் பொறிகளைப் பல ஆண்டுகள் சோதித்தார். வாய்க்கால் தூர் வாரக் கூலி கொடுத்துக் களைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கொலராடோவில் பனி அளவீட்டுப் பணியையும் 1930-களில் அவர் கவனித்தார். மலை மேல் ஏறி, நீண்ட குழாயைப் பனிக்குள் செருகி எடுத்து எடை போடுவார்கள். அந்தப் பனி உருகினால் எவ்வளவு தண்ணீர் என்று எடை சொல்லிவிடும். அதைக் கொண்டு, வரும் கோடையில் ஆற்றில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். தண்ணீர் குறைவு என்று முன்பே தெரிந்தால் சர்க்கரைக் கிழங்கு எத்தனை ஏக்கர், குதிரை மசால் எத்தனை ஏக்கர் என்று உழவர் முடிவு செய்துகொள்ளலாம். விதைத்த பிறகு வானத்தைப் பார்ப்பதை விட இது மேல் அல்லவா?

1950-ல், வயது எழுபதை நெருங்கும்போது, ஃப்ளூம்களையும் சிறிய தடுப்புப் பலகைகளையும் வைத்து வாய்க்கால் தண்ணீரை அளப்பது பற்றி மறுபடியும் ஒரு வழிகாட்டி நூலை வேளாண்மைத் துறைக்காக எழுதினார். 1959-ல் காலமானார்.

3 அங்குல, 6 அங்குல ஃப்ளூம்களைத் தகரத்திலோ இரும்புத் தகட்டிலோ ஒரு வெல்டிங் பட்டறையில் செய்துவிட முடியும். முழு அளவுப் படமும் பட்டியலும் கையில் இல்லாமல் தகட்டை வெட்டக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. அருகில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ, வேளாண்மைப் பொறியியல் கல்லூரியின் மண், நீர்ப் பாதுகாப்புப் பிரிவிலோ இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். தனி ஒருவர் செய்வதை விட, ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் நாலைந்து பேர் சேர்ந்து, தலைமடையில் ஒன்றும் கடைமடையில் ஒன்றும் வைப்பது நல்லது. இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில், நடுவில் எந்த மடையும் திறந்திருக்கவில்லை என்றால், வாய்க்கால் குடித்த தண்ணீர் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.